கடையில் உட்கார்ந்திருப்பது யார்?

போன வருஷம் ஆடி மாசக் கடைசியில் அம்மாவோடு தி.நகர் போயிருந்தேன். ஆவணியில் சித்தி மகளுக்குக் கல்யாணம், அதற்குப் புடவை எடுக்கணும். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்றாவது மாடிக்குப் போனதுமே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே நின்று புடவை காட்டிய பெண்ணுக்கு இருபது வயசு இருக்கலாம். பேச்சில் நெல்லை வாடை. முக்கால் மணி நேரத்தில் முப்பது நாற்பது புடவையாவது பிரித்துப் போட்டிருப்பார். அலமாரிக்கும் கவுண்டருக்கும் நடக்கிறார், நிற்கிறார், குனிகிறார், மறுபடி நிற்கிறார்.

அம்மா சும்மா இருக்க மாட்டார். “ஏம்மா, காலையிலேர்ந்து நின்னுக்கிட்டேவா இருக்கே? அந்த ஸ்டூல்ல கொஞ்சம் உட்காரேன்” என்றார். சுவரோரம் நிஜமாகவே ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் மூன்று அட்டைப் பெட்டி.

“கஸ்டமர் இருக்கும்போது உட்காரக் கூடாதும்மா.”

“இல்லாதப்ப?”

“அப்ப துணி மடிக்கணும்லா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்த ஸ்டூல் மனதில் உட்கார்ந்துவிட்டது. அது ஏன் அங்கே இருக்கிறது, ஏன் அதில் ஒருவரும் உட்காரவில்லை என்று தேடப் போய் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

ஸ்டூல் வந்த கதை

அந்த ஸ்டூலைக் கொண்டுவந்தது ஒரு சட்டத் திருத்தம். 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றத்தில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் கொண்டுவந்த மசோதா. சாரம் இதுதான்: ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும்; வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம்; நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது.

நமக்கு முன்னால் இதைச் செய்தது கேரளம், 2018இல். அங்கே அது சும்மா வந்துவிடவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை. தையல் தொழிலாளியான விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு முதலில் கையில் எடுத்தது அந்தப் பிரச்சினையைத்தான். உட்காரும் உரிமை அதிலிருந்து வளர்ந்த கோரிக்கை. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண் ஊழியர்கள் 2014 டிசம்பர் கடைசியில் தொடங்கிய போராட்டம் 100 நாளைத் தாண்டி ஓடியது. ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர் வைத்தார்கள். உட்காரும் போராட்டம். அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு கணம் சங்கடமாக இருக்கிறது இல்லையா? உட்காருவதற்கு ஒரு போராட்டம்!

இதில் எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம் ஒன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்காரும் வசதி தர வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. அதாவது பஞ்சாலையில் நிற்பவருக்கு 1948இல் கிடைத்த இருக்கை, அந்தப் பஞ்சில் நெய்த துணியை விற்பவருக்குச் சேர 73 வருஷம் ஆகியிருக்கிறது. ஆலையில் நிற்பது வேலையாகத் தெரிந்தது, கடையில் நிற்பது வேலையாகவே யாருக்கும் தெரியவில்லை. கரியில்லை, புகையில்லை. ஏசி ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது. அங்கே என்ன கஷ்டம் என்றுதான் நாமும் நினைத்திருக்கிறோம்.

நம் ஜவுளிக்கடையில் உட்கார்ந்துதான் விற்றார்கள்

கடை என்றால் நின்றுதானே விற்கணும் என்று தோன்றலாம். அப்படியில்லை. ஐம்பது அறுபது வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய ஜவுளிக்கடையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையோ ஜமக்காளமோ இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவோம். எதிரே கடைக்காரரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தபடியே புடவையை விசிறிப் போட்டு முந்தானை காட்டுவார். வாங்குபவர், விற்பவர் இரண்டு பேரும் தரையில், ஒரே உயரத்தில். காஞ்சிபுரத்தில் சில பட்டுக்கடைகளில் இன்றும் இப்படித்தான்.

நிற்கும் விற்பனையாளர் கண்ணாடிக் கவுண்டரோடும் ஷோரூமோடும் வந்தவர். அதன் ஆரம்பம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெரிய பல்பொருள் அங்காடிகள். பேரம் கிடையாது, ஒரே விலை. வாசலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம், சும்மா பார்த்துவிட்டும் போகலாம். விற்ற துணிக்கு ஊழியருக்குக் கமிஷன். கடைக்கு மேல்மாடியிலேயே பெண் ஊழியர்களுக்குத் தங்கும் அறை. பாரிஸின் ‘போன் மார்ஷே’ இந்த ஏற்பாட்டுக்குப் பேர்போனது. வாசித்துக்கொண்டே வந்தபோது ரங்கநாதன் தெருவைப் பற்றித்தான் படிக்கிறேனோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

பிரிட்டனிலும் இதே கதை. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் சிறு வயதில் சவுத்ஸீ ஊரில் ஒரு துணிக்கடையில் எடுபிடியாக, கடையோடு தங்கி வேலை பார்த்தவர். அந்த அனுபவம்தான் பின்னால் 1905இல் ‘கிப்ஸ்’ நாவலானது. 14 வயசில் கடை வேலைக்குப் போன மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்ற பெண், பிறகு கடை ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1929இல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார். அவர்கள் காலத்துக் கடைகளிலும் ஹாஸ்டல், அபராதம், இரவு எத்தனை மணிக்குள் வரணும் என்ற கட்டுப்பாடு எல்லாம் இருந்தன. 1899இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள்: மூன்று பெண் ஊழியருக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று. கவனியுங்கள், ஆளுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று பேருக்கு ஒன்று.

கால் என்ன சொல்கிறது

நிற்பது அப்படி என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காக இது. நம் காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப மேலே ஏறணும், பூமியின் இழுவைக்கு எதிராக. அதைத் தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து பம்ப் மாதிரி வேலை செய்கிறது. ரத்தக் குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் ஏறிய ரத்தம் மறுபடி இறங்காமல் பிடித்துக்கொள்கின்றன. நடந்தால் இது ஓடும். ஒரே இடத்தில் நின்றால் பம்ப் நின்றுவிடும், ரத்தம் காலிலேயே தேங்கும், குழாய் விரியும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் வால்வு பழுதாகிறது. ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று நாம் சொல்லும் வெரிகோஸ் வெயின் இதுதான். பரம்பரை, கர்ப்பம், உடல் எடை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நெடுநேரம் நிற்கும் வேலை அதைக் கூட்டும்.

ஆக, நடப்பதைவிடச் சும்மா நிற்பது மோசம். கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமையைவிட, ஈ ஓட்டும் செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் காலுக்குக் கொடுமை. அன்றைக்குத்தான் உட்கார நேரமும் இருக்கிறது!

இதோடு சேர்ந்தது கழிப்பறை. ஏழு மாடிக் கட்டடத்தில் ஊழியருக்கான கழிப்பறை எங்கோ ஒரு மாடியில் இருக்கும். போய்வர அனுமதி கேட்கணும், நேரம் பார்ப்பார்கள். அதனால் பல பெண்கள் செய்வது என்ன? தண்ணீரைக் குறைத்துவிடுவது. அதற்கு விலை நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று. மாதவிலக்கு நாட்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டில் இந்தச் செலவெல்லாம் வராது. பத்து வருஷம் கழித்து, வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகு, மருத்துவச் செலவாக வரும். கட்டுபவர் முதலாளி அல்ல.

நாற்காலிக்கு என்ன செலவு?

இப்போது முதலாளி பக்கத்திலிருந்து யோசிப்போம். தி.நகர் வாடகை, கரன்ட், ஆன்லைன் போட்டி, தேங்கிய சரக்கு. லாப விகிதம் நாம் நினைக்கிற அளவு இல்லை என்பார்கள், நியாயம்தான். நேரத்தைக் கூட்டுவதும் ஆளைக் குறைப்பதும் ஏன் என்பதற்கு இது ஒரு பதில். ஆனால் உட்காரவிடாமல் இருப்பதற்கு இது பதிலே இல்லை. கஸ்டமர் இல்லாத நேரத்தில் ஊழியர் உட்கார்ந்தால் கடைக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அப்புறம் ஏன்?

எனக்குப் பட்ட பதில்: நிற்பது வேலையின் பகுதி அல்ல, காட்சியின் பகுதி. பொம்மைக்குப் புடவை கட்டி வாசலில் நிறுத்துகிற மாதிரி, ஊழியரையும் நிறுத்தி வைக்கிறார்கள். ‘உங்களுக்காகக் காத்திருக்கிறோம்’ என்பதைக் கால் வலிக்க வலிக்கச் சொல்லும் விளம்பரம் அது. நாம் வாங்கும் புடவையோடு இந்த மரியாதையையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

இன்னொன்று நம் மொழியிலேயே இருக்கிறது. ‘சும்மா உட்கார்ந்திருக்கான்’, ‘உட்கார்ந்தே சம்பளம் வாங்கறான்’, ‘உட்கார்ந்து தின்னா சொத்து கரையும்’. உட்காருவது என்றாலே நமக்குச் சோம்பல். அது பாதிதான். இன்னொரு பாதி, உட்காருவது அதிகாரமும்கூட. பெரியவர் முன்னால் உட்காரக் கூடாது, அதிகாரி சொல்லாமல் உட்காரக் கூடாது. திண்ணையில் யார் உட்காரலாம், டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதற்கெல்லாம் அடிதடி நடந்த நாடு இது. கடைக்குள் போய்ப் பாருங்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கல்லாவில் முதலாளி. நாற்காலியில் கஸ்டமர். மற்ற எல்லோரும் நிற்கிறார்கள். பழைய வழக்கம்தான், ஏசி போட்டிருக்கிறார்கள்.

உட்கார்ந்து வேலை பார்த்தால் வியாபாரம் படுக்காது என்பதற்குச் சாட்சி வெளியே நிறைய. ஜெர்மனி சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடுபவர்கள் உட்கார்ந்துதான் போடுகிறார்கள், அசுர வேகத்தில். அமெரிக்காவில் நிற்க வைப்பதுதான் வழக்கம். கலிஃபோர்னியாவில் இது வழக்காகி, 2016இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் சொன்னது: குறிப்பிட்ட இடத்தில் செய்யும் வேலையை உட்கார்ந்து செய்ய முடியுமா என்று பார்க்கணும், ‘எனக்கு நின்றால்தான் பிடிக்கும்’ என்ற முதலாளி விருப்பம் மட்டும் போதாது. இரண்டு வருஷம் கழித்து வால்மார்ட் நிறுவனம் அங்கே தன் கேஷியர்கள் தொடுத்த இருக்கை வழக்கை முடிக்க 6.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

ஏன் யாரும் கேட்பதில்லை

சட்டம் இருக்கிறதே, கேட்கலாமே? இங்கேதான் கடையின் இன்னொரு பழக்கம் குறுக்கே நிற்கிறது. தி.நகர் பெரிய கடைகளில் கணிசமான ஊழியர்கள் தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து, மேலே படிக்க வழியில்லாமல், சொந்தக்காரரோ ஊர்க்காரரோ சொல்லி வந்தவர்கள். தங்க இடம், சாப்பாடு, கையில் ஒரு தொகை. ஊரில் வானம் பார்த்த பூமி வைத்திருக்கும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். தங்கச்சி படிப்பு, அக்கா நகை எல்லாம் அந்தத் தொகையில்தான். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல குடும்பங்களைக் கரையேற்றியது இந்தக் கடைகள்தான்.

ஆனால் வேலை, படுக்கை, சோறு மூன்றும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும்? வேலை போனால் அன்று ராத்திரி படுக்க இடமும் போய்விடும். சிபாரிசு செய்த மாமாவுக்குக் கெட்ட பேர். பின்னாலேயே வரக் காத்திருக்கும் தம்பிக்கும் கதவு அடைபடும். சம்பளம் என்பது உழைத்ததற்கு வரும் காசு. ஆனால் இங்கே அது ‘முதலாளி செய்த உதவி’ ஆகிவிடுகிறது. உதவி செய்தவரிடம் ஸ்டூல் கேட்க யாருக்கு நாக்கு வரும்? 1947 சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. ஆனால் ஆறு மாதம் வேலை பார்த்ததை நிரூபிக்கப் பணி நியமனக் கடிதம் வேண்டும். அது எத்தனை பேர் கையில் இருக்கிறது?

வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் வந்தபோது இந்த வாழ்க்கையைப் பார்த்து எல்லோரும் கண் கலங்கினோம். கலங்கிவிட்டு அடுத்த தீபாவளிக்கு அதே தெருவுக்குத்தான் போனோம். நானும்தான்.

காலண்டர் யாருடையது?

ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால் துணி விற்காது. அந்த மந்தத்தைப் போக்க வந்ததுதான் ஆடித் தள்ளுபடி. வியாபார மூளை என்ற வகையில் அபாரம். ஆனால் ஆடி என்பது ஊர்களில் அம்மன் கோயில் கொடை, கூழ் ஊற்றும் மாதம். கடைக்கு ஓய்வு மாதமாக இருந்திருக்க வேண்டியது இப்போது நெருக்கடி மாதம். கொடைக்கு ஊருக்குப் போகணும் என்றால் லீவு கிடைக்காது.

தீபாவளி இன்னும் வேடிக்கை. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வரை கடை. நமக்கெல்லாம் புதுத்துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, ஷட்டர் இறக்கி, குவிந்த துணியை ஒதுக்கி, பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரும்போது ஊரில் வெடித்து முடித்த பட்டாசுக் குப்பைதான் மிச்சம்.

2019இல் தமிழக அரசு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அனுமதி தந்தது. பிறகு நீட்டித்தார்கள். நிபந்தனைகள் நல்ல நிபந்தனைகள்: ஊழியருக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் என்றால் ஓவர்டைம். முன்பெல்லாம் கடைக்கு வார விடுமுறை என்றால் ஷட்டர் மூடியிருக்கும். திறந்திருந்தால் தெருவில் போகிறவனுக்கே தெரிந்துவிடும். இப்போது கடை மூடாது, விடுமுறை ரிஜிஸ்டரில் இருக்கும். ரிஜிஸ்டரைத் தெருவிலிருந்து பார்க்க முடியாது.

வாய்ப்பு என்ற வார்த்தை

மறுபடி ஸ்டூலுக்கு வருகிறேன். 22-ஏ பிரிவில் முக்கியமான வார்த்தை ‘இருக்கை’ அல்ல, ‘வாய்ப்பு’. உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். அந்த வாய்ப்பு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது யார்? ஃப்ளோர் சூப்பர்வைசர். அவரை மேலே இருந்து பார்க்கிறது கேமரா. ஆகவே ‘அப்ப துணி மடிக்கணும்’. 1948 சட்டமும் இதே மாதிரி வாய்ப்பு என்றுதான் பேசுகிறது. இருக்கையைச் சட்டம் கொடுத்துவிட்டது, நேரத்தைக் கொடுக்கவில்லை.

நேரம் இருக்கும் பிரிவு வேறு ஒன்று உண்டு. அதே 1947 சட்டத்தில், தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று இருக்கிறது. இதை அளக்கலாம், ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரி கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம். அதனால் ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், ஒரு செக்ஷனுக்கு எத்தனை பேர், யார் எப்போது ஓய்வுக்குப் போகிறார் என்பதை எழுதி மாட்டச் சொன்னால் மட்டுமே 22-ஏ உயிரோடு இருக்கும் என்று நினைக்கிறேன். ஆள் குறைவாக இருக்கும் செக்ஷனில் எந்த ஸ்டூலிலும் அட்டைப் பெட்டிதான் உட்காரும்.

நம் பங்கும் உண்டு. ஊழியர் உட்கார்ந்திருந்தால் ‘கவனிக்கவே ஆளில்ல’ என்று முகம் சுளிப்பது நாம்தான். ராத்திரி ஒன்பதரைக்குப் போய் நாற்பது புடவை பிரிக்கச் சொல்லிவிட்டு, ‘அப்புறம் வரேன்’ என்று கிளம்புவதும் நாம்தான். அந்த நாற்பதையும் மடித்து வைக்காமல் அவர் வீட்டுக்கு, அதாவது ஹாஸ்டலுக்கு, போக முடியாது.

அன்றைக்கு அம்மா என்ன செய்தார் என்று சொல்லி முடிக்கிறேன். பில் போட நான் கீழே போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மடியில் போட்டு ஒவ்வொரு புடவையாக மடித்துக்கொண்டிருந்தார். “நீங்க விடுங்கம்மா, அண்ணாச்சி திட்டுவாங்க” என்று அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா விடவில்லை. ஸ்டூல் மேல் அந்த மூன்று பெட்டியும் அப்படியே இருந்தன.